சிட்டி ஹால் நிலையத்தைத் திரும்பத் திறக்க முடியுமா?

லூப்_தடம் (கேள்வி):
நியூயார்க் சப்வே 1904 அக்டோபர் 27இல் தொடங்கியபோது சிட்டி ஹால்தான் அதன் தென்கோடி நிலையம். 1945 டிசம்பர் 31இல் மூடிவிட்டார்கள். ஆனால் 6ஆம் எண் ரயில்கள் புரூக்ளின் பிரிட்ஜ் நிலையத்தைத் தாண்டி இன்றும் இதன் வழியாகத்தான் வளைந்து திரும்புகின்றன. தண்டவாளம் புழக்கத்தில் இருக்கிறது, மின்சாரம் இருக்கிறது, நடைமேடையும் நிற்கிறது. மறுபடி ஒரு நிறுத்தமாகத் திறப்பதில் என்ன சிக்கல்? அன்று மூடியது கூட்டம் குறைந்ததால் மட்டுமா?

வளைவுக்கணக்கு:
கடைசிக் காலத்தில் நாளுக்கு 600 பேர் அளவில்தான் வந்தார்கள், உண்மை. பக்கத்திலேயே இருந்த புரூக்ளின் பிரிட்ஜில் எக்ஸ்பிரஸும் கிடைத்தது. ஆனால் நிலையத்தை முடக்கியது அதன் வளைவு.

நடைமேடை வளைவின் வெளிப்பக்கம் இருக்கிறது. நடைமேடை வில்லாக வளைகிறது, பெட்டியோ நேராக நிற்கிறது. அதனால் பெட்டியின் இரு முனைகளும் நடைமேடையை நெருங்கும், நடுப்பகுதி விலகிப்போகும். முனைகள் உரசாதபடி விளிம்பைத் தள்ளி வைத்தாக வேண்டும் என்பதால் நடுக்கதவுக்கு எதிரே விழும் இடைவெளி: பெட்டி நீளத்தின் வர்க்கம் ÷ (8 × ஆரம்). பெட்டி நீளம் 51 அடி, அதாவது 15.5 மீட்டர். ஆரத்தை 45 மீட்டர் என்று வைத்துப் போட்டுப் பாருங்கள்: 240 ÷ 360, கிட்டத்தட்ட 67 செ.மீ. உரசாமல் போக விடும் இடம் இதற்கு மேல். குழந்தை ஒன்று அப்படியே உள்ளே விழும் அளவு அது!

1904இல் இது தொல்லையாகவே இல்லை, ஏனென்றால் அன்றைய பெட்டிகளுக்குக் கதவு முனைகளில் மட்டும். கூட்டம் சீக்கிரம் ஏறி இறங்க 1909 முதல் நடுக்கதவு வைக்கத் தொடங்கினார்கள், அங்கே ஆரம்பித்தது சிக்கல். போதாததற்கு நடைமேடை 5 பெட்டிக்கானது, இன்றைய ரயில் 10 பெட்டி.

தெற்குமுனை:
கணக்கு சரிதான். ஆனால் இதே சப்வேயின் இன்னொரு நிலையமான சவுத் ஃபெரியை மறக்கக் கூடாது. அதுவும் லூப் (ரயில் வளைந்து திரும்பும் சுற்றுத்தடம்), அதுவும் 5 பெட்டி நடைமேடை. 2009இல் புது நிலையம் வந்ததும் பழையதை மூடினார்கள். 2012 அக்டோபரில் சாண்டி புயல் புது நிலையத்தை உப்புநீரில் மூழ்கடிக்க, 2013 ஏப்ரல் 4 முதல் 2017 ஜூன் வரை பழைய லூப்பிலேயே பயணிகளை ஏற்றி இறக்கினார்கள். முதல் 5 பெட்டிகளின் கதவு மட்டும் திறக்கும், இடைவெளியை நகரும் இரும்புத் தட்டுகள் அடைக்கும்.

இந்தத் தட்டுகளில்தான் கவனம் வேண்டும். ரயில் குறித்த இடத்தில் நின்ற பிறகே தட்டு வெளியே வரும், அதன் பிறகே கதவு திறக்கும். புறப்படும்போது தட்டு முழுக்க உள்ளே போனது உறுதியாகும் வரை சிக்னல் சிவப்பிலேயே இருக்கும். சறுக்கும் தடத்தில் குப்பையோ பிரேக்கிலிருந்து உதிரும் இரும்புத்தூளோ அடைத்தால், தட்டு உள்ளே போயிருந்தாலும் அதை உணர்ந்து சிக்னலுக்குச் சொல்லும் சுவிட்ச் அதைக் காட்டாது. ரயில் நகராது. சிட்டி ஹாலில் இப்படி ஒன்று மாட்டினால் 6ஆம் எண் தடம் முழுவதற்கும் திரும்பும் வழி அடைபடும். சவுத் ஃபெரியில் வேறு வழியில்லாததால் அந்தத் தொல்லையைப் பொறுத்தார்கள். இங்கே அந்தக் கட்டாயம் இல்லையே.

லூப்_தடம்:
நிறுத்தமாக வேண்டாம், சரி. அருங்காட்சியகமாக?

ஓட்டுக்கூரை:
1990களில் அந்தத் திட்டம் வந்தது. நகராட்சித் தலைமையகம் மேலேயே இருப்பதால் பாதுகாப்பைக் காரணம் காட்டி 1998இல் கைவிட்டார்கள். இப்போது போக்குவரத்து அருங்காட்சியகத்தின் உறுப்பினர்களுக்குச் சுற்றிக்காட்டுவதோடு சரி.

யார் மறுபடி எடுத்தாலும் முதல் வேலை தண்ணீரை நிறுத்துவது. கூரை குவாஸ்டவினோ முறையில் கட்டியது: மெல்லிய சுடுமண் ஓடுகளை அடுக்கடுக்காக ஒட்டிய வளைவு. அந்த முறையில் முதல் அடுக்கைச் சட்டென்று இறுகும் ஜிப்சம் சாந்தில் ஒட்டி, மேலடுக்குகளைச் சிமென்ட் சாந்தில் வைப்பார்கள். ஜிப்சம் நீரில் கரையும். ஆகவே கீழிருந்து இணைப்பைப் பூசுவது வீண். நிலையத்துக்கு மேலே இருக்கும் பூங்காவின் மண்ணைத் தோண்டி நீர்த்தடுப்பு போட்ட பிறகுதான் ஓட்டைத் தொட வேண்டும். ரப்பர் சுத்தியால் ஓடு ஓடாகத் தட்டிப் பார்த்து, பொள்ளென்று ஒலிப்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது வெளியேறும் வழி. ரயில் நிலையங்களுக்கான அமெரிக்கத் தீப்பாதுகாப்பு விதியான என்.எஃப்.பி.ஏ. 130இன்படி நடைமேடை 4 நிமிடத்தில் காலியாக வேண்டும், எல்லோரும் 6 நிமிடத்தில் பாதுகாப்பான இடத்தை அடைய வேண்டும். இருக்கும் படிக்கட்டின் அகலத்தை அளந்து, அதற்குத் தகுந்த எண்ணிக்கையில்தான் ஆள் விடலாம். லிஃப்ட்டும் தேவை, ஆனால் 1979 முதல் உட்புறமே நகரின் பாதுகாக்கப்பட்ட சின்னம். வளைகூரையைத் துளைக்காமல், பக்கவாட்டில் குழி இறக்கி இடைத்தளத்தில் இணைப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

நடைமேடை விளிம்பில் தரையிலிருந்து கூரைவரை கண்ணாடித் தடுப்பும் வேண்டும். ரயில் தள்ளும் காற்றோடு வரும் இரும்புத்தூள் ஓட்டில் படிந்து துருக்கறையாகிவிடும். தடுப்பை வைக்காமல் ஓட்டைத் துலக்கினால் சில மாதத்தில் பழையபடி ஆகிவிடும்.