கொக்கட்டிச்சோலை தான்தோன்றீஸ்வரர் தல வரலாறு: ஊர்ப் பெரியவர்களின் உதவி தேவை

அன்பான உறவுகளே, வணக்கம். அடுத்த விடுமுறைக்கு அம்மம்மாவையும் பிள்ளைகளையும் மட்டக்களப்பு கொக்கட்டிச்சோலையிலுள்ள தான்தோன்றீஸ்வரர் சிவன் கோயிலுக்கு அழைத்துச் செல்கிறேன். மண்முனைப் பாலம் 2014இல் திறந்த பிறகு, வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைக்குப் போவது எளிதாகிவிட்டது. வழி பற்றிக் கவலையில்லை. எனக்கு வேண்டியது கதை.

வேடன் ஒருவன் கொக்கட்டி மரத்தில் கோடரியைப் போட, வெட்டிய இடத்திலிருந்து இரத்தம் பெருகியதாம். அந்த மரத்தடியில்தான் இறைவன் தானாகத் தோன்றினார் என்பார்கள். பதறிப்போன வேடன் அடுத்து என்ன செய்தான் என்பதை ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். பறங்கியர் (போர்த்துக்கேயர்) தளபதி ஏளனம் செய்தபோது கல் நந்தி எழுந்து புல்லைத் தின்று சாணமும் இட்டது என்ற கதை எல்லோருக்கும் தெரியும். என் சின்ன மகளோ, நந்தியின் வாயருகே வைக்க இப்போதே அறுகம்புல் தேடுகிறாள்!

படுவான்கரையில் பிறந்து வளர்ந்தவர்களே, உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொன்ன கதையை அவர்கள் சொன்னபடியே எழுதுங்கள். கோயிலடியில் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லக்கூடிய முதியவர் யாராவது இருந்தால் உள்பெட்டியில் அறியத்தாருங்கள். அம்மம்மாவால் அதிக நேரம் நிற்க முடியாது. கூட்டம் குறைந்த பூசை நேரம் எது என்பதையும் சொல்லுங்கள்.