2013 இறுதித் தொடர், ஆறாவது ஆட்டம்: டங்கனை வெளியே அமர்த்தியதுதான் தோல்விக்குக் காரணமா?

கேள்வி:
நான் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் கூடைப்பந்து அணியின் ரசிகன். வட அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் 2013 இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டத்தை அண்மையில் மீண்டும் முழுமையாகப் பார்த்தேன், மனம் ஆறவில்லை. நான்கு ஆட்டங்களை வெல்லும் அணிக்கே கோப்பை என்ற தொடரில் 3-2 என்ற முன்னிலையுடன், எதிரணியான ஹீட்டின் ஊரான மயாமிக்குச் சென்ற நம் அணி, ஆட்டம் முடிய 28 நொடிகள் இருந்தபோது 94-89 என்று முந்தியிருந்தது. கோப்பை வழங்கும் நிகழ்ச்சிக்காக ஊழியர்கள் மஞ்சள் கயிற்றைக் கொண்டுவந்துவிட்டார்கள். ஹீட் ரசிகர்களில் பலர் இருக்கையை விட்டு எழுந்துவிட்டார்கள். அந்த ஆட்டத்தைத்தான் கூடுதல் நேரத்தில் 103-100 என்று இழந்தோம். கடைசி அரை நிமிடத்தில் ஹீட் தாக்க வந்த இரண்டு முறையும் பயிற்சியாளர் பாப்போவிச், டிம் டங்கனை வெளியே அமர்த்தினார். இரண்டு முறையும் ஹீட் தவறவிட்ட பந்து அவர்கள் கைக்கே திரும்பி மூன்று புள்ளிகளாக மாறியது. அன்று 30 புள்ளிகளும் 17 ரீபவுண்டுகளும் (தவறிய வீச்சின் பந்தைப் பிடிப்பது) எடுத்த ஒருவரை அந்த வேளையில் உட்காரவைத்தது சரியா?

முதல் பதில்:
சரி என்றே நான் கருதுகிறேன். கடைசி வேளையில் 95-92 என்று மூன்று புள்ளி முன்னிலையில் இருக்கும் அணியை ஆபத்துக்குள்ளாக்கக் கூடியது மூன்று புள்ளி வீச்சு மட்டுமே. எதிரணியினர் திரை போட்டு (தடுப்பவரின் வழியை உடலால் மறித்து) வரும்போது ஒருவருக்கொருவர் ஆளை மாற்றிக்கொண்டு கோட்டுக்கு வெளியே வரை ஓடித் தடுக்க, 37 வயது டங்கனைவிட நம் அணியின் போரிஸ் டியாவ் பொருத்தமானவர். அந்த ஏற்பாடு பலனும் தந்தது. ஹீட்டின் லெப்ரான் ஜேம்ஸின் கடைசி வீச்சு தவறியது. அதன் பிறகு கூடைக்கு அருகே வந்த ஹீட்டின் கிறிஸ் பாஷை யாரும் உடலால் மறித்து நிறுத்தவில்லை என்பதுதான் குறை. அவர் பந்தைப் பிடித்து சக வீரர் ரே ஆலனிடம் தள்ளினார். ஆலனோ கீழே பாராமலே வலது மூலைக்குப் பின்னோக்கி அடியெடுத்து, கால்கள் கோட்டுக்கு வெளியே ஊன்றியதும் வீசினார். 5.2 நொடிகள் மீதமிருக்க 95-95. அதைத் தடுக்க யாராலும் முடிந்திருக்காது.

இரண்டாவது பதில்:
எனக்கு ஃப்ரீ த்ரோக்கள்தான் (எதிரணியின் தவறுக்காகத் தடையின்றி வீசக் கிடைக்கும் ஒரு புள்ளி வீச்சுகள்) உறுத்துகின்றன. 28.2 நொடிகள் இருந்தபோது நம் மனு ஜினோபிலி இரண்டில் ஒன்றைத் தவறவிட்டார். 19.4 நொடிகள் இருந்தபோது, அன்று 21 வயதே ஆகியிருந்த கவாய் லெனார்டும் அவ்வாறே ஒன்றைத் தவறவிட்டார். அவற்றில் ஒன்று விழுந்திருந்தாலும் ஆலனின் வீச்சு ஆட்டத்தைச் சமன் செய்திருக்காது. மேலும், நான்காவது குவார்ட்டர் (ஆட்டத்தின் கடைசிக் கால் பகுதி) தொடங்கியபோது 75-65 என்று பத்துப் புள்ளி முன்னிலை நம்மிடம் இருந்தது. முதல் பாதியில் மட்டும் 25 புள்ளிகள் எடுத்திருந்த டங்கன், அதன் பின் நான்காவது குவார்ட்டரிலும் கூடுதல் நேரத்திலும் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. ஜினோபிலி எட்டு முறை பந்தை எதிரணியிடம் இழந்தார். கடைசி 28 நொடிகளை மட்டும் பிரித்தெடுத்துப் பயிற்சியாளரைக் குறை சொல்வது நியாயமாகாது.

மூன்றாவது பதில்:
வெளியூர் ஆட்டம் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். அக்காலத்தில் இறுதித் தொடர், முதல் இரண்டு ஆட்டங்களும் கடைசி இரண்டும் ஒரு அணியின் ஊரில், நடு மூன்றும் மற்ற அணியின் ஊரில் என்ற 2-3-2 முறையில் நடந்ததால், கடைசி இரண்டு ஆட்டங்களும் மயாமிக்கே உரியவையாக இருந்தன. 2014 முதல் நடைமுறைக்கு வந்த 2-2-1-1-1 முறை அப்போதே இருந்திருந்தால், ஆறாவது ஆட்டம் சான் அன்டோனியோவில் நடந்திருக்கும். ஐந்தாவது ஆட்டம் மயாமிக்குப் போயிருக்கும் என்பதும் உண்மைதான். ஆனாலும் கோப்பைக்கு ஒரே வெற்றி தேவைப்பட்ட நிலையில், எதிரணியின் ஊரில் இரண்டு ஆட்டங்களைத் தொடர்ந்து ஆடுவது மிகக் கடினம். ஏழாவது ஆட்டத்தையும் 95-88 என்று அங்கேதான் இழந்தோம்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. ஃப்ரீ த்ரோக்கள் பற்றிச் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். முதல் முறை டங்கனை வெளியே எடுத்ததையும் ஏற்க முடிகிறது. ஆனால் அப்போது ரீபவுண்டை இழந்து, லெப்ரான் மூன்று புள்ளிகள் எடுத்ததைக் கண்ட பிறகு, சில நொடிகளுக்குள் அதே முடிவை மறுபடியும் எடுத்ததுதான் எனக்குப் புரியவில்லை. கூடுதல் நேரத்தின் இறுதியில் நம் டேனி கிரீனின் வீச்சைத் தடுத்து நம் கதையை முடித்தவரும் அதே பாஷ்தான். அவ்வளவு உயரமான ஒருவர் களத்தில் இருக்கும்போது, இரண்டாவது முறையாவது கூடைக்கு அடியில் டங்கன் நின்றிருக்க வேண்டும்.