பொறியியலும் வேண்டும், வயலினும் வேண்டும்: கம்பஸ் தேடியவர்களின் அனுபவங்கள்

வெள்ளவத்தையிலிருந்து ஒரு அம்மா:

மகள் லண்டன் ஏ-எல் (இங்கிலாந்துப் பாடத்திட்ட உயர்தரம்) எழுதுகிறாள். கணிதம், பௌதிகம், இரசாயனம். வயலின் சின்ன வயதிலிருந்தே. வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைகளை ஒவ்வொரு தரமாக முடித்து இப்போது ஆசிரியர் தரத்துக்கு ஆயத்தமாகிறாள். பொறியியல்தான் படிப்பேன், ஆனால் வயலினை விடமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். இரண்டுக்கும் பெயர்போன கம்பஸ் எது என்று யாரைக் கேட்டாலும் ஒரே பட்டியலைத்தான் நீட்டுகிறார்கள்: நோர்த்வெஸ்டர்ன், மிச்சிகன், கார்னகி மெலன், ரொச்செஸ்டர். அந்தப் பட்டியலோடு நாங்கள் பட்ட பாட்டை எழுதுகிறேன், நீங்களும் எழுதுங்கள்.

கொள்ளுப்பிட்டியில் ஒரு ஹோட்டலில் கல்விக் கண்காட்சி நடந்தது. மேசைக்கு மேசை துண்டுப்பிரசுரம், பேனா, துணிப்பை. ஒரு மேசையில் இருந்தவர் "எங்களிடம் இரண்டும் இருக்கிறது" என்று இசைக் கட்டடத்தின் படத்தை விரித்துக் காட்டினார். நல்ல கட்டடம்தான். மகள் அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்: "நிலத்தில் இருந்து, வயலின் தலையைக் கணுக்காலில் ஊன்றி வாசிக்கிறவர்களுக்கு ஒடிஷன் உண்டா?" அவர் சிரித்துக்கொண்டே துண்டுப்பிரசுரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஈமெயில் முகவரியை எழுதித் தரச் சொன்னார். இன்றுவரை பதில் இல்லை.

அப்புறம் அமெரிக்காவில் ஓர் இசைக் கல்லூரியில் அனுமதிப் பிரிவில் இருக்கும் ஒரு பெண்மணியோடு வீடியோவில் பேசக் கிடைத்தது. பொறுமையான மனுஷி. அவர் சொன்னது தெளிவாக இருந்தது. வயலின் வாசிப்பில் பட்டம் வேண்டுமென்றால் ஒடிஷனில் பாஹின் தனி வயலின் உருப்படி, ஒரு எட்யூட், ஒரு கொன்செர்ட்டோவின் பகுதி என்று மேற்கத்திய உருப்படிகளைத்தான் கேட்பார்கள். பைரவி வர்ணத்தை எவ்வளவு நன்றாக வாசித்தாலும் அதை எடைபோட அந்த அறையில் ஆள் இருக்காது. ஆனால் அதோடு கதை முடியவில்லை. பொறியியலுக்கு விண்ணப்பிக்கும்போது இசைப் பதிவைத் துணை ஆவணமாக அனுப்பலாம், உள்ளே போனபின் இசையைத் துணைப்பாடமாக எடுக்கலாம் என்றார். எம்ஐடி மாதிரியான இடங்கள் இப்படி இசைப் பதிவுகளை ஏற்றுக்கொள்கின்றன. அங்கே பொறியியல் பிள்ளைகளும் பட்டம் முடிப்பதற்குள் கலை, மானுடவியல், சமூக அறிவியல் பக்கத்தில் எட்டுப் பாடம் எடுத்தாக வேண்டும். அதில் இசையும் அடங்கும்.

கர்நாடக இசையையே பல ஆண்டுகளாகக் கற்பிக்கும் அமெரிக்கப் பல்கலைக்கழகம் என்றால் கனெக்டிகட்டில் இருக்கும் வெஸ்லியன். தஞ்சாவூர் விஸ்வநாதனும் அவர் அண்ணன் ரங்கநாதனும் கற்பித்த இடம். வருஷா வருஷம் நவராத்திரிக்கு விழாவே எடுக்கிறார்கள். ஆனால் அங்கே பொறியியல் பீடம் இல்லை. மூன்று வருஷம் அங்கே, இரண்டு வருஷம் வேறொரு பொறியியல் கல்லூரியில் என்று பிரித்துப் படிக்கும் ஏற்பாடுதான். இசை பலமாக இருக்கும் இடத்தில் பொறியியலைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது, பொறியியல் பலமாக இருக்கும் இடத்தில் எங்கள் இசை இல்லை. இதுதான் எங்கள் நிலைமை.

தெகிவளையிலிருந்து ஒரு அப்பா:

அக்கா, எங்களுக்கு இந்தச் சிக்கல் வரவில்லை. மகன் மேற்கத்திய பியானோ, ஏபிஆர்எஸ்எம் என்ற பிரித்தானிய இசைப் பரீட்சையில் எட்டாந் தரம். எங்களுக்கு வந்தது வேறு சிக்கல்.

ஐந்து வருஷத்தில் இரண்டு பட்டம் தரும் ஏற்பாடு சில இடங்களில் உண்டு. நோர்த்வெஸ்டர்னில் பீனென் இசைக் கல்லூரியும் மக்கோர்மிக் பொறியியல் கல்லூரியும் சேர்ந்தது. ரொச்செஸ்டரில் ஈஸ்ட்மன் இசைக் கல்லூரியும் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பக்கமும். இரண்டையும் ஒரே மாதிரி நினைக்க வேண்டாம். நோர்த்வெஸ்டர்னில் எல்லாம் எவன்ஸ்டன் வளாகத்திலேயே. ஈஸ்ட்மன் இருப்பதோ நகர மையத்தில், பொறியியல் ஆற்றங்கரை வளாகத்தில். நடுவில் பஸ். பனி கொட்டுகிற ஊரில் காலையில் கணக்கு, மத்தியானம் பியானோ, பின்னேரம் ஆய்வுகூடம் என்றால் பிள்ளை பஸ்ஸிலேயே குடியிருக்க வேண்டியதுதான். ரொச்செஸ்டரிலேயே ஒலி, இசைப் பொறியியல் என்று தனிப் பட்டமும் இருக்கிறது. ஒடிஷன் வேண்டாம் என்கிறவர்கள் அதையும் பாருங்கள்.

விண்ணப்பத்தில் கண்டிப்பாகத் தெரிந்திருக்க வேண்டியது, இரண்டு பக்கமும் தனித்தனியாக "ஓம்" சொல்ல வேண்டும். முதலில் பதிவு அனுப்ப வேண்டும், பெரும்பாலும் டிசம்பர் முதலாம் திகதியை ஒட்டி. அதில் தேறினால்தான் ஒடிஷனுக்கே கூப்பிடுவார்கள்.

அந்தப் பதிவு எடுத்த கதை இருக்கிறதே! எங்கள் வீடு கடற்கரைப் பக்கம். உப்புக் காற்றில் பியானோக் கம்பிகள் துருப்பிடிக்கும், சுருதி நிற்காது. சுருதி சேர்ப்பவரைக் கூப்பிட்டுச் சரிபண்ணி, மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, வியர்க்க வியர்க்க மகன் உட்காருவான். மெதுவான பகுதிக்கு வரும்போது சரியாக கரையோர ரயில் ஹோர்ன் அடித்துக்கொண்டு போகும். ரயில் போனால் காகம். காகம் போனால் பக்கத்து வீட்டில் தேங்காய் உடைப்பார்கள். ஒரே ஓட்டத்தில் எடுக்க வேண்டும், வெட்டி ஒட்டக் கூடாது என்பது விதி. கடைசியில் ஒரு தேவாலயத்தில் கேட்டு, இரவு கடைசி ரயிலும் போனபிறகு எடுத்தோம்.

ஓர் இடத்தில் பொறியியல் கிடைத்தது, இசைக் கல்லூரி கிடைக்கவில்லை. மகன் அழுதான், மறைக்க ஒன்றுமில்லை. பிறகு அந்த இசைக் கல்லூரிக்கே எழுதிக் கேட்டான்: இசைப் பட்டம் படிக்காதவர்களுக்குத் தனி வகுப்பு உண்டா, யார் எடுப்பது, பயிற்சி அறை இரவு எத்தனை மணி வரை திறந்திருக்கும்? முதுகலை மாணவர்கள் வகுப்பு எடுப்பார்கள், கட்டணம் தனி, பயிற்சி அறைக்கு முன்னுரிமை இசைப் பட்டம் படிப்பவர்களுக்கு என்று நேர்மையாகப் பதில் வந்தது. தரவரிசைப் பட்டியல் எதிலும் இல்லாத இந்த ஒரு ஈமெயில்தான் எங்களுக்கு உதவியது. இன்னோர் இடத்தைத் தேர்ந்தோம். பெயர் கொஞ்சம் குறைவு, ஆனால் பேராசிரியரிடமே வகுப்பு.

இங்கிலாந்து பார்ப்பவர்களுக்கு ஒன்று. எட்டாந் தரத்தில் அதிசிறப்புச் சித்தி என்றால் யூகாஸில் (இங்கிலாந்துப் பல்கலைக்கழக விண்ணப்ப அமைப்பு) 30 புள்ளி என்று ரீச்சர்மார் பெருமையாகச் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் பெரிய பல்கலைக்கழகங்கள் புள்ளியைக் கூட்டிப் பார்ப்பதில்லை, ஏ-எல் பெறுபேற்றைத்தான் கேட்கின்றன.

மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் படித்த ஒருவன்:

எல்லோரும் வெளிநாட்டையே எழுதுகிறீர்கள். உள்ளூரில் படித்தவன் அனுபவத்தையும் கேளுங்கள்.

நம் உயர்தரத்தில் இரண்டையும் சேர்த்து எடுக்கவே முடியாது. பொறியியல் என்றால் இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல். சங்கீதம் கலைப் பிரிவில். சாதாரண தரத்தோடு பாடசாலைச் சங்கீதம் நிற்கும், அதற்குப்பிறகு ரியூசனுக்கும் பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளிக்கும் நடுவில் உங்கள் கெட்டித்தனம். பொறியியலும் கர்நாடக இசைப் பட்டமும் ஒரே பல்கலைக்கழகத்தின் பெயரில் வேண்டுமென்றால் யாழ்ப்பாணம் இருக்கிறது. ஆனால் பொறியியல் பீடம் கிளிநொச்சி அறிவியல்நகரில், இசை மருதனார்மடத்தில். இடையில் அறுபது கிலோமீற்றருக்கு மேல். மட்டக்களப்பு கல்லடியில் விபுலாநந்தர் பெயரில் இருக்கும் நிறுவகத்தில் இசை உண்டு, அது சேர்ந்த கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் இல்லை.

நான் மிருதங்கம். கம்பஸில் இருந்த காலம் முழுக்க என் குரு பம்பலப்பிட்டியில். கட்டுபெத்தையில் விரிவுரை முடிந்து 101 பஸ் பிடித்தால் பின்னேர நெரிசலில் காலி வீதி முழுக்க நின்றுகொண்டு வர வேண்டும். மிருதங்கத்தோடு ஏறினால் கண்டக்டர் என்னைப் பார்ப்பதில்லை, மிருதங்கத்தைத்தான் பார்ப்பார். சிலர் அதற்கும் டிக்கெட் கேட்பார்கள். பிறகு குரு வீட்டிலேயே ஒன்றை வைத்துவிட்டேன். விடுதியில் இரவில் வாசிக்க முடியாது, அதனால் சொற்கட்டுகளை வாயால் சொல்லிப் பழகினேன். கணக்குப் பாடம் படித்த நேரத்தைவிட கோர்வைக் கணக்குப் போட்ட நேரம் அதிகம் என்று நண்பர்கள் கேலி பண்ணுவார்கள். சரஸ்வதி மண்டபத்தில் அரங்கேற்றங்களுக்கு வாசித்துக் கைச்செலவுக்குக் கொஞ்சம் கிடைத்தது.

இறுதி வருஷ ஆய்வுக்கு மிருதங்கத்தையே எடுத்தேன். சாதாரணமாகத் தோல் வாத்தியத்தின் மேற்சுரங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலையில் பூசும் கரணை என்ற கறுப்புப் பூச்சு அந்தத் தோலுக்கு எடை சேர்த்து அவற்றை ஒழுங்குக்குக் கொண்டுவருகிறது. அதனால்தான் மிருதங்கத்துக்குச் சுருதி சேர்க்க முடிகிறது. இதை 1920இலேயே சி. வி. ராமன் எழுதிவிட்டார். நான் செய்தது அதற்கு மேல் சின்ன வேலை: வாசித்த சொல் நம், தீம், சாபு இவற்றில் எது என்று கணினி கண்டுபிடிக்கச் செய்வது. மேற்பார்வை செய்த சேர் சிங்களவர், தபேலாப் பிரியர். ஒரு நாள் ஆய்வுகூடத்தில் மைக் முன்னால் வாசிக்கச் சொல்லிவிட்டு அலைவரைபைப் பார்க்க மறந்து தாளம் போட்டுக்கொண்டிருந்தார். இசைப் பீடம் இல்லாத கம்பஸில் எனக்கு அந்த ஓர் ஆள் போதுமாக இருந்தார்.

கொட்டாஞ்சேனை, இப்போது இங்கிலாந்தில்:

சுருக்கமாகச் சொல்கிறேன். ஒலிப்பதிவுப் பக்கம் ஆசை இருந்தால் சரே பல்கலைக்கழகத்தின் டொன்மைஸ்டர் படிப்பைப் பாருங்கள். 1970இலிருந்து நடக்கிறது. கணிதமும் பௌதிகமும் இசையும் தெரிந்த பிள்ளைக்கு அளவெடுத்துத் தைத்தது, இடையில் ஒரு வருஷம் ஸ்டூடியோவில் வேலை. சவுத்தாம்டனில் ஒலியியல் பொறியியல் இருக்கிறது, அங்கே ஒலி, அதிர்வு ஆய்வு நிறுவகம் 1963இலிருந்து இயங்குகிறது.

ஒரு எச்சரிக்கை. கொழும்புக்குத் திரும்பிப் பட்டயப் பொறியியலாளர் ஆகும் எண்ணம் இருந்தால் அந்தப் பட்டம், பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் உடன்படிக்கைக்குள் வருகிறதா என்று விண்ணப்பிக்கும் முன்னே பாருங்கள். இலங்கை 2014இலிருந்து அதில் உறுப்பு நாடு. "பொறியியல்" என்ற சொல் பட்டத்தின் பெயரில் இருப்பதால் மட்டும் அது பொறியியல் பட்டமாக அங்கீகரிக்கப்படாது. இசையும் ஒலியும் கலந்த பட்டங்களில் இதைக் குறிப்பாகக் கேட்க வேண்டும்.

பம்பலப்பிட்டி ஆன்ட்டி:

சென்னையை ஒருவரும் சொல்லவில்லையே? என் தங்கை மகன் அங்கே போனான். கிண்டி பொறியியல் கல்லூரி 1794இல் தொடங்கியது, வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு, கட்டணம் டொலரில். பகலில் கல்லூரி, பின்னேரம் மயிலாப்பூரில் வாய்ப்பாட்டு வகுப்பு. பட்டம் ஒன்று, பாட்டு குருவிடம். ஒரே குறை, செமஸ்டர் பரீட்சையும் மார்கழி இசை சீசனும் முட்டிக்கொள்ளும். அவன் கன்டீனில் குறிப்பு படித்துவிட்டு மியூசிக் அகாடமியில் காலைக் கச்சேரி கேட்டவன். எல். சுப்பிரமணியம் யாழ்ப்பாணத்தில் வளர்ந்து சென்னையில் மருத்துவம் படித்துக்கொண்டே வயலின் வாசித்தவர்தானே. சஞ்சய் சுப்ரமண்யன் பட்டயக் கணக்காளர். இசைக்குப் பட்டம் இல்லையென்று யாரும் அவர்கள் கச்சேரிக்குப் போகாமல் விட்டார்களா?

வெள்ளவத்தை அம்மா மீண்டும்:

எல்லோருக்கும் நன்றி. மொறட்டுவைத் தம்பி எழுதியதை மகள் இரண்டு தரம் வாசித்துவிட்டு, இசைக் கல்லூரிகளின் பட்டியலை மூடிவைத்தாள். இப்போது தேடுவது வேறு: பொறியியல் அங்கீகாரம் உள்ள இடம், இந்திய இசையில் ஆர்வமுள்ள ஓர் ஆசிரியராவது இருக்கிறாரா, போய்வரக்கூடிய தூரத்தில் கர்நாடக வயலின் சொல்லித்தர யாராவது உண்டா. இந்த மூன்றாவதை எந்த இணையத்தளமும் சொல்லாது என்பதால் ஊர் ஊராகத் தமிழ்ச் சங்கங்களுக்கு எழுதத் தொடங்கியிருக்கிறாள். கொழும்பில் புல்பிரைட் ஆணைக்குழுவில் அமெரிக்கப் படிப்புக்கு ஆலோசனை தருகிறார்கள், அங்கேயும் நேரம் கேட்டிருக்கிறோம். செலவு பற்றித்தான் அங்கே முதலில் பேசப்போகிறேன். எம்ஐடி வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கும் பணவசதியைப் பார்க்காமல் அனுமதி கொடுத்துவிட்டுத் தேவைக்கேற்ப உதவுகிறது. அப்படி எல்லா இடமும் இல்லை. 2022இல் டொலர் விலை ஏறினதைப் பார்த்தபிறகு ஐந்தாவது வருஷம் என்ற சொல்லைக் கேட்டாலே அவள் அப்பா கல்குலேட்டரை எடுக்கிறார்.

தெகிவளை அண்ணா, அந்தத் தேவாலயத்தில் பதிவுக்கு எவ்வளவு முன்கூட்டிக் கேட்க வேண்டும்? எங்கள் வீடும் ரயில் பாதைக்குப் பக்கத்தில்தான்.