சென்னை ஆலயத்துக்குப் புது பரோக் (17–18ஆம் நூற்றாண்டு ஐரோப்பியப் பாணி) குழாய் ஆர்கன்: பழைய முறையா, பிளைவுட்டா?

குழல்மரம்:
பேச்சு இதுதான். சென்னையில் 300 பேர் உட்காரும் ஆலயம்; அதற்குப் புது ஆர்கன்: 2 கீபோர்டு, கால் பெடல், 14 ஸ்டாப் (ஒவ்வொன்றும் ஒரு குரல் தரும் குழாய் வரிசை). முழுக்கப் பழைய முறையில்தான் கட்டணும் என்பது என் கட்சி. காற்றழுத்தம் 70 மி.மீ. நீர், கீயிலிருந்து பேலட் (குழாய்க்குக் காற்று விடும் வால்வு) வரைக்கும் டிராக்கர் எனும் மரச்சட்டம், மின்சாரம் காற்றூதும் புளோயருக்கு மட்டும். ஜெர்மன் ஆர்கன் கைவினைஞர் சில்பர்மன் ஃப்ரைபெர்க் பேராலய ஆர்கனை முடித்தது 1714. தரங்கம்பாடிப் புது எருசலேம் ஆலயம் 1718. அந்தக் காலத்து ஜெர்மன் மெட்டுகளை இன்றைக்கும் பாமாலையில் பாடுகிறோம். அவற்றுக்கு இந்தக் குரல்தான் பொருத்தம்.

வேப்பேரி பெடல்:
குரலில் சண்டை இல்லை பிரதர், மரத்தில்தான் சண்டை. குழாய்கள் நிற்கும் காற்றுப்பெட்டிக்கு ஓக் கேட்பீங்க. ஓக்கிலிருந்து அசிட்டிக் அமில ஆவி கசியும். ஈயம் மிகுந்த குழாயின் காலை வெள்ளைப் பொடியாக்கிவிடும். ஜெர்மனியின் லூபெக் யாகோபி ஆலய ஆர்கனுக்கு நேர்ந்தது அதுதான். நம்ம ஊர் ஈரத்தில் ஸ்லைடர் (ஸ்டாப்பைத் திறந்து மூடும் நகரும் சட்டம்) உப்பி இறுகும். ஏசி போட்டதும் ஸ்லைடருக்கு அடியில் இருக்கும் மேசைப்பலகை காய்ந்து வெடிக்கும். ஒரு கீயின் காற்று வாய்க்காலிலிருந்து காற்று அடுத்ததில் புகுந்து, அழுத்தாத ஸ்வரமும் சேர்ந்து முனகும்.

குழல்மரம்:
ஓக் வேண்டாம், தேக்கு. ஆரவாக்கில் (மரத்தின் நடுவிலிருந்து பட்டையை நோக்கி) அறுத்த பலகையாக இருக்கணும்; மற்ற வாக்கில் அறுத்தது இரண்டு மடங்குக்கு மேல் சுருங்கும். தேக்கில் எண்ணெய் இருப்பதால், இழைத்த அன்றைக்கே அசிட்டோனால் துடைத்து ஒட்டணும். அதை விட்டால் மூட்டு பிரியும்.

வேப்பேரி பெடல்:
ஆரவாக்கிலும் அசைவு நிற்காதே! மரத்துக்குள் இருக்கும் ஈரம் 4 சதவீதப் புள்ளி மாறினால் ஒரு மீட்டர் அகலத்துக்கு ஏறக்குறைய 4 மி.மீ. ஓடும். மேசையை மட்டுமாவது மரைன் பிளைவுட்டில் போட்டு, ஸ்லைடருக்கு மேலும் கீழும் ஸ்பிரிங் வளையம் வையுங்க. கேட்பவர் காதுக்கு வித்தியாசமே தெரியாது.

சுருதிக்காரர்:
இரண்டு பேரும் சுருதியை விட்டுட்டீங்க. கால்-கமா மீன்டோன் எனும் பழைய சுருதி முறை வைத்தால் ஏ-பிளாட் மேஜர் நாசம்: அங்கே மூன்றாம் ஸ்வரம் 427 சென்ட் (அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்), சுத்தமானது 386. எல்லா ஸ்கேலையும் சமாளிக்கும் வெர்க்மைஸ்டர் 3 எனும் சுருதி முறை போதும்; அதில் ஏ-பிளாட்டுக்கு 408, சி மேஜருக்கு 390. கொயர் எந்த ஸ்கேலிலும் பாடலாம்.

குழல்மரம்:
வெர்க்மைஸ்டர் எனக்குச் சம்மதம். மேசைக்கு பிளைவுட்டும் சரி, விட்டுக்கொடுக்கிறேன். டிராக்கரை மட்டும் விடமாட்டேன். பேலட் திறக்கும் வேகம் விரலில் தெரியணும்.

வேப்பேரி பெடல்:
டிராக்கர் இருக்கட்டும். உலோக நாக்கு அதிர்ந்து ஒலிக்கும் ட்ரம்பெட் 8 அடி ஸ்டாப் எதுக்கு? ஒரு டிகிரி சூடு ஏறினால் மற்றக் குழாய்கள் 3 சென்ட் ஏறும், நாக்குக்குழாய் ஏறக்குறைய அப்படியே நிற்கும். டிசம்பர் காலை 22, மே மதியம் 36 என்றால் 42 சென்ட் விலகல், கிட்டத்தட்ட அரை ஸ்வரத்தில் பாதி.

சுருதிக்காரர்:
ட்ரம்பெட்டை எடுக்காதீங்க, ஆராதனைக்கு முன்னால் அதன் நாக்கை அழுத்தும் கம்பியைத் தட்டிச் சுருதி சேர்ப்பது பழைய வழக்கம்தான். ஆனால் ஞாயிறு காலை மட்டும் ஏசி போடும் ஆலயத்தில் எந்தச் சுருதியும் நிற்காது. புளோயரும் ஹாலுக்குள்ளிருந்தே காற்றை இழுக்கணும். மொட்டைமாடி அறையில் வைத்தால் சூடான காற்று குழாய்க்குள் போய், முதல் பாட்டு முடிவதற்குள் சுருதி ஏறிவிடும்.