எண்ணூர் ரோட்டுக்கு எல்இடி ஹெட்லைட்: போடலாமா, கூடாதா?

எண்ணூர்வாசி:
வேலை அம்பத்தூரில், வீடு கத்திவாக்கத்தில். ராத்திரி ஷிஃப்ட் முடித்து மாதவரம், மணலி வழியாக வீடு வந்து சேர்வதற்குள் கண் வலி எடுத்துவிடுகிறது. வண்டி கொஞ்சம் பழைய ஹேட்ச்பேக். ரிஃப்ளெக்டர் ஹெட்லைட் (பல்புக்குப் பின்னால் இருக்கும் பளபளப்பான குழிவு வெளிச்சத்தை முன்னால் தள்ளும் வகை), எச்4 ஹாலஜன் பல்ப், 60/55 வாட் (ஹை பீம் 60, டிம் 55). பம்பரில் ஃபாக் லேம்ப் உண்டு. எதிரே வருகிற வண்டியெல்லாம் வெள்ளை வெளேரென்று வருகிறது, என் லைட் மட்டும் மஞ்சளாக அழுது வடிகிறது. ஜிபி ரோட்டில் ஒரு கடையில் விசாரித்தேன். "ஹெட்லைட், ஃபாக் ரெண்டுக்கும் எல்இடி போட்டுடுங்க சார், ரோடு பகல் மாதிரி இருக்கும்" என்கிறார்கள். பெட்டியில் 20,000 லூமென் (வெளிச்சத்தின் அளவு) என்று போட்டிருக்கிறது. விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், போடலாமா?

மணலி நைட் ஷிஃப்ட்:
தாராளமாகப் போடுங்கள் நண்பா. நான் போட்டு, மழைக்காலமும் பார்த்தாகிவிட்டது. நம் பக்கத்து ரோடு எப்படி என்று உங்களுக்கே தெரியும். ஓரத்தில் டிரெய்லர் வரிசையாக நிற்கும். பின்னால் சிவப்பு லைட் எரியாது, ஒளிரும் ஸ்டிக்கர் இருந்தாலும் தூசி படிந்து மறைந்திருக்கும். ஹாலஜன் வெளிச்சத்தில் அது கண்ணுக்குத் தெரியும்போது பிரேக் போட இடம் இருக்காது. லைட்டே இல்லாத மீன்பாடி வண்டி, நடுரோட்டில் படுத்திருக்கும் மாடு, மூடியில்லாத பள்ளம் எல்லாம் முன்கூட்டியே தெரிய வேண்டுமா இல்லையா? வண்டிக்குள் இருப்பது நம் குடும்பம். தவிர, ஹாலஜன் 55 வாட் இழுக்கும் இடத்தில் இது 25 வாட்தான் இழுக்கும்.

நாற்பதடி டிரெய்லர்:
அந்த வரிசையில் நிற்பவன் நான்தான் தம்பி. ஹார்பருக்குள் போக மணிக்கணக்கில் காத்திருந்துவிட்டு வண்டியை எடுத்தால், எதிரே நீங்கள் சொல்கிற லைட்தான் வருகிறது. கார்க்காரர் டிம்மில்தான் வருகிறார், சத்தியம் பண்ணச் சொன்னாலும் பண்ணுவார். ஆனால் என் கேபின் எவ்வளவு உயரம்? அங்கே உட்கார்ந்திருக்கும் எனக்கே கண் கூசுகிறது என்றால் அந்த வெளிச்சம் எவ்வளவு மேலே போகிறது என்று யோசியுங்கள். ஒழுங்கான டிம் என்றால் என் கண்ணுக்கு வரவே கூடாது. அது கடந்து போன பிறகும் சில விநாடி ஒன்றும் தெரியாது. அந்த நேரத்தில் எனக்கு முன்னால் பைக்கில் ஒருத்தர் போய்க்கொண்டிருப்பார். கண்டெய்னர் ஏற்றின வண்டியை நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது.

செங்குன்றம் ஹைவே:
ரோட்டில் பாதி வண்டி இப்படித்தான் ஓடுகிறது. நாம் மட்டும் ஹாலஜனோடு இருந்தால் நமக்குத்தான் நஷ்டம். அவனவன் அடிக்கிறான், நாமும் அடிக்க வேண்டியதுதான்.

தண்டையார்பேட்டை டூவீலர்:
அடிபடுவது எங்கள் கண் சார். ஐம்பது வயதைத் தாண்டியவன் நான். கூச்சம் பட்டால் பார்வை தெளிய இளவயதில் ஆகிற நேரம் இப்போது போதவில்லை. மழையில் ஹெல்மெட் கண்ணாடியில் ஒவ்வொரு சொட்டும் உங்கள் லைட்டை வாங்கிச் சிதறடிக்கும். டிஎச் ரோட்டில் பள்ளத்தைத் தேடி ஓட்டுகிறவனுக்குப் பள்ளமும் தெரியாது, பக்கத்தில் வருகிற பஸ்ஸும் தெரியாது. நீங்கள் பள்ளத்தில் இறங்கினால் டயர் போகும். நான் இறங்கினால்?

மாதவரம் எலக்ட்ரீசியன்:
கடையில் தினமும் இதே வேலைதான் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

எண்ணூர்வாசி தம்பி, உங்கள் வண்டியின் எச்4 பல்பைக் கழற்றிப் பாருங்கள். கண்ணாடியில் விரல் படக்கூடாது, எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டினால் அந்த இடம் மட்டும் அதிகமாகச் சூடேறி பல்ப் சீக்கிரம் போய்விடும். உள்ளே இரண்டு இழை இருக்கும். முன்னால் இருப்பது டிம்முக்கு, பின்னால் இருப்பது ஹை பீமுக்கு. டிம் இழைக்கு அடியில் சின்னதாக ஒரு உலோகக் கிண்ணம் தெரியும். டிம்மில் வெளிச்சம் கீழ்ப்பக்கம் போகாமல் தடுப்பது அதுதான். அதனால் ரிஃப்ளெக்டரின் மேல் பாதி மட்டும் வேலை செய்து வெளிச்சத்தை ரோட்டை நோக்கித் தள்ளுகிறது. அந்தக் கிண்ணத்தின் ஒரு ஓரம் 15 டிகிரி சாய்ந்திருக்கும். நம் ஊரில் இடது பக்கம் ஓட்டுவதால், வெளிச்சம் இடது ஓரத்தில் மட்டும் கொஞ்சம் ஏறி நடைபாதையைக் காட்டும். வலது பக்கம் எதிரே வருகிறவர் கண்ணுக்குக் கீழேயே நின்றுவிடும். ரிஃப்ளெக்டரின் ஒவ்வொரு வளைவும் அந்த மெல்லிய இழை அந்த இடத்தில் இருக்கும் என்ற கணக்கில் வார்த்தது.

எல்இடி பல்பில் இழை கிடையாது. ஒரு தட்டின் இரண்டு பக்கமும் ஒளிரும் சின்ன சிப் ஒட்டியிருக்கும். வெளிச்சம் சுற்றிலும் சமமாகப் போகாது, இரண்டு பக்கம் பலமாகவும் மேலும் கீழும் குறைவாகவும் போகும். தட்டின் கனம் காரணமாக வெளிச்சம் கிளம்பும் இடமும் விலகிவிடும். கொஞ்சம் விலகினாலே ரோட்டில் வெளிச்சம் எங்கெங்கோ போய் விழும். பல்பை ஹெட்லைட்டில் பிடித்து நிறுத்தும் வளையமான காலரைச் சரியாகத் திருப்பாமல் மாட்டினால் இன்னும் மோசம். சிப் இடதும் வலதும் பார்த்து நிற்க வேண்டும், மேலும் கீழும் பார்த்தபடி மாட்டிக்கொண்டு வருகிறவர்கள் நிறையப் பேர்.

20,000 லூமென் கணக்கை நம்பாதீர்கள். எச்4 ஹாலஜன் டிம்மில் கொடுப்பது சுமார் 1000 லூமென், ஹை பீமில் சுமார் 1650. 25 வாட் எல்இடி, வாட்டுக்கு 100 லூமென் கொடுத்தாலும் 2500-ஐத் தாண்டாது.

அப்புறம் இன்னொன்று. எல்இடி போட்டவுடன் பானெட்டுக்கு முன்னால் ரோடு பளிச்சென்று தெரியும், அதைப் பார்த்துத்தான் எல்லோரும் மயங்குகிறார்கள். கிட்டத்தில் வெளிச்சம் கூடினால் கண்மணி சுருங்கும். அப்போது தூரத்து இருட்டு இன்னும் இருட்டாகத்தான் தெரியும். நைட் ஷிஃப்ட் தம்பி சொல்கிற டிரெய்லர் நிற்பது அந்தத் தூரத்தில்தான்.

மணலி நைட் ஷிஃப்ட்:
அண்ணா, நீங்கள் சொல்வது பிளாட்பாரத்தில் கிடைக்கிற 500 ரூபாய் பல்புக்குப் பொருந்தும். நல்ல கம்பெனி பல்பில் தட்டு மெல்லிசு. சிப்பை இழை இருக்கும் இடத்திலேயே வைக்கிறார்கள், அடியில் அந்தக் கிண்ணமும் உண்டு. ஜெர்மனியில் 2020-லேயே ஆஸ்ராம் எல்இடி பல்புக்கு ரோட்டில் ஓட்ட அனுமதி கொடுத்தார்கள், அடுத்த வருடம் பிலிப்ஸுக்கும். ஹாலஜனுக்கென்று செய்த ஹெட்லைட் கூட்டில் போடுகிற மாற்று பல்புக்குத்தான் அந்த அனுமதி. அந்த ஊர்க்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு கொடுப்பார்களா?

மாதவரம் எலக்ட்ரீசியன்:
கொடுத்தார்கள், எப்படிக் கொடுத்தார்கள் என்பதையும் சொல்லுங்கள். இந்த மாடல் கார், இந்த ஹெட்லைட், இந்த பல்ப் என்று ஒவ்வொன்றாகச் சோதித்துப் பட்டியல் போட்டார்கள். பட்டியலில் இல்லாத காரில் அதே பல்பை மாட்டினால் அங்கேயும் தப்புதான். பல்ப் நல்லதாக இருந்தால் மட்டும் போதாது, அந்தக் கூட்டோடு சேர்த்துச் சோதிக்க வேண்டும் என்றுதானே அதற்கு அர்த்தம்? நம் ஊரில் அப்படிச் சோதித்துக் கையில் பட்டியல் கொடுப்பது யார்?

செங்குன்றம் தம்பி சொன்னதற்கும் பதில். எல்லோரும் செய்வதால் சட்டம் மாறாது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்சியில் இருக்கும் விவரம் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியில் எதையும் மாற்றக் கூடாது என்கிறது. எதிரே வருகிறவர் கண் கூசாதபடி லைட் கீழே இறங்க வேண்டும் என்பதற்கும் தனி விதி இருக்கிறது. பிடிக்கிறார்களா இல்லையா என்பது வேறு பேச்சு.

செங்குன்றம் ஹைவே:
அப்படியென்றால் எல்இடியோடு ஃபேக்டரியிலிருந்தே வருகிற புது கார்கள்? அவையும் கண்ணைப் பறிக்கத்தானே செய்கின்றன?

மாதவரம் எலக்ட்ரீசியன்:
சிலது பறிக்கும், மறுக்கவில்லை. வெள்ளை வெளிச்சத்தில் நீலம் அதிகம், அதுவே கண்ணை உறுத்தும். ஆனால் அதில் லென்ஸும் கூடும் எல்இடிக்கென்றே செய்தது, டிம்மில் மேலே ஒரு கோடு வெட்டினாற்போல் நிற்கும். மேட்டில் ஏறும்போதும் பின்சீட்டில் ஆள் நிறைந்திருக்கும்போதும்தான் அடிக்கும். ரிஃப்ளெக்டருக்குள் எல்இடி சொருகின வண்டி சமரோட்டிலேயே அடிக்கும்.

எண்ணூர்வாசி:
சரி, ஹெட்லைட்டைக் கொஞ்சம் தள்ளி வைப்போம். ஃபாக் லேம்பிலாவது போடலாமா? மார்கழியில் பொன்னேரி, பழவேற்காடு பக்கம் காலையில் போனால் பனி இருக்கிறது. போகி அன்று விடியற்காலை புகையில் எதிரே வண்டி வருவதே தெரியவில்லை. மஞ்சள் எல்இடி, வெளிச்சத்தின் நிறம் 3000 கெல்வின், பனியைக் கிழிக்கும் என்கிறார்கள்.

மணலி நைட் ஷிஃப்ட்:
இதில் சந்தேகமே வேண்டாம், மஞ்சள் போடுங்கள். வெள்ளை லைட் பனியில் பட்டுத் திரும்பி முகத்திலேயே அடிக்கும். பிரான்ஸில் பல வருடம் கார் ஹெட்லைட்டே மஞ்சளாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் வைத்திருந்தார்கள், 1993 வரைக்கும்.

மாதவரம் எலக்ட்ரீசியன்:
மஞ்சள் கண்ணுக்கு இதம், அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பனியைக் கிழிப்பதெல்லாம் கிடையாது. பனித்துளி ஒளியலையைவிடப் பல மடங்கு பெரிது. மஞ்சள், வெள்ளை எல்லாவற்றையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் அது சிதறடிக்கும். ஃபாக் லேம்ப் பனியில் உதவுவது நிறத்தால் இல்லை, வைத்திருக்கும் இடத்தாலும் வெளிச்சத்தின் வடிவத்தாலும். கீழே பம்பரில் இருந்து, அகலமாக, தட்டையாக, மேலே ஏறாமல் போக வேண்டும். அப்போதுதான் கண்ணுக்கு முன்னால் இருக்கும் பனி ஒளிராது. தோதில்லாத எல்இடியைச் சொருகினால் அந்த மேல் கோடு உடைந்து வெளிச்சம் மேலே கிளம்பும். வாங்கின காரியமே கெட்டுப்போகும்.

நம் ஏரியாவுக்கென்று ஒரு தொந்தரவும் உண்டு. எல்இடியின் சூடு பின்பக்கம் இறங்கும், அதைத் தணிக்கத்தான் பின்னால் ஃபேன். ஃபாக் லேம்ப் இருப்பது தரைக்குப் பக்கத்தில். மழை நாளில் கொடுங்கையூர், வியாசர்பாடி பக்கம் தேங்கின தண்ணீரில் இறங்கி வந்த வண்டியில் அந்த ஃபேனைப் பாருங்கள், சேறு இறுகிப்போய் இலை சுற்றாது. சூடு ஏறும், வெளிச்சம் மங்கும், அப்புறம் மினுக்கும், ஒருநாள் ஒரு பக்கம் அணைந்துவிடும். ஃபேன் இடிக்கிறது என்று பின்மூடியை மாட்டாமல் விட்டால் உள்ளே ஆவி கட்டி ரிஃப்ளெக்டரின் பூச்சும் போய்விடும்.

தண்டையார்பேட்டை டூவீலர்:
பனியும் இல்லை, புகையும் இல்லை, சித்திரை மாசத்தில் ராயபுரம் மேம்பாலத்தில் ஃபாக் லைட் எதற்கு எரிகிறது என்று யாராவது சொல்லுங்கள்.

எண்ணூர்வாசி:
அப்படியென்றால் எனக்கு என்னதான் வழி? என் லைட் உண்மையிலேயே பற்றவில்லை.

மாதவரம் எலக்ட்ரீசியன்:
பற்றாமல் போனதற்குக் காரணம் பல்பாக இருக்காது. நீங்கள் இருப்பது கடலோரம். முதலில் ஹெட்லைட் கண்ணாடியைப் பாருங்கள். அது பிளாஸ்டிக், வெயிலில் மேல்பூச்சு போய் மஞ்சளாகி மங்கும். அதைத் தேய்த்து பாலிஷ் போட்டுத் திரும்பப் பூச்சு கொடுத்தாலே பாதிக் குறை தீரும். அடுத்தது எர்த் வயர். பாடியில் முடுக்கியிருக்கும் இடத்தில் உப்புக்காற்று பட்டுப் பச்சையாகப் பூத்திருக்கும். சுரண்டிச் சுத்தம் பண்ணி முடுக்குங்கள்.

பிறகு இன்ஜின் ஓடும்போது, லைட்டைப் போட்டு மீட்டர் வைத்துப் பாருங்கள். பேட்டரியில் 13.8 வோல்ட் காட்டும்போது பல்ப் ஹோல்டரில் 12.4 காட்டினால், 10 சதவீதம் வழியிலேயே போய்விட்டது. 10 சதவீதம் வோல்ட் குறைந்தால் ஹாலஜன் வெளிச்சம் 30 சதவீதம் போலக் குறையும். பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த வயர் இழுத்து, ஃபியூஸ் வைத்து, ரிலே (சுவிட்சின் சின்ன மின்சாரத்தால் பல்புக்குப் போகும் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் கருவி) போடுங்கள். பல்ப் அதே 60/55 வாட்டில் நல்ல கம்பெனியில் புதிதாக வாங்குங்கள். 100/90 வாட் பக்கம் போகவே போகாதீர்கள், ஹோல்டர் உருகும். கடைசியாக லைட்டின் மட்டம். சமதரையில் சுவருக்கு 10 மீட்டர் தள்ளி நிறுத்தினால், டிம்மின் மேல் கோடு லைட் உயரத்துக்கு 10 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும்.

எண்ணூர்வாசி:
கண்ணாடி மஞ்சளாகத்தான் இருக்கிறது அண்ணா. பாலிஷும் ரிலேயும் முதலில் பண்ணுகிறேன். ஃபாக் லேம்பை இப்போதைக்குத் தொடவில்லை.

மணலி நைட் ஷிஃப்ட்:
அவர் விருப்பம். ஆனால் என் வண்டி யார் கண்ணையும் பறிப்பதில்லை என்றுதான் இப்போதும் சொல்வேன். காலரைத் திருப்பி, சுவரில் பிடித்து, இறக்கி வைத்திருக்கிறேன். கோடு நேராக விழுகிறது.

மாதவரம் எலக்ட்ரீசியன்:
கோடு விழுந்தால் மட்டும் போதாது. கோட்டுக்கு மேலே இருட்டாக இருக்கிறதா, வெளிச்சம் கசிகிறதா? எதிரே ஓட்டுநர் கண் உயரத்தில் ஒரு ஆளை நிறுத்திப் பார்த்தீர்களா? பின்சீட்டில் மூன்று பேரை ஏற்றிப் பார்த்தீர்களா?

நாற்பதடி டிரெய்லர்:
அந்த ஆளாக நானே இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி லோடு இல்லாமல் மாதவரம் லாரி நிலையம் பக்கம்தான் நிற்பேன். கேபினில் உட்கார்ந்து பார்க்கிறேன், தண்டையார்பேட்டை சாரும் பைக்கோடு வரட்டும். டிம்மில் எதிரே கொண்டுவந்து நிறுத்துங்கள்.

மணலி நைட் ஷிஃப்ட்:
வருகிறேன் அண்ணா. கழற்றி வைத்த ஹாலஜனையும் எடுத்து வருகிறேன். ஒரே வண்டியில் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்போம், எலக்ட்ரீசியன் அண்ணா கையாலேயே மாட்டட்டும்.