ஹியூபர்ட்டி வியட்நாமுக்குப் போனானா?

தென்றல்72: 1984இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், சான் இசிட்ரோ மெக்டொனால்ட்ஸ் உணவகத்தில் 21 பேரைச் சுட்டுக் கொன்றவன் "வியட்நாமில் போரிட்டு மனம் பேதலித்த ராணுவ வீரன்" என்று நேற்று ஒரு மேதாவி எழுதியிருந்தார். ஜேம்ஸ் ஹியூபர்ட்டி ராணுவத்தில் ஒரு நாள்கூட இருந்ததில்லை சார்.

கழுகுப்பார்வை: அந்த மேதாவி நான்தான். பெயர் சொல்லக் கூச்சமா? வியட்நாமில் ஆயிரம் பேரைக் கொன்றதாக அவனே உள்ளே நின்று கத்தினான். உயிர் தப்பியவர்கள் சொன்னது.

தென்றல்72: கேட்கிறவன் கேணையன் என்றால் கேப்பையில் நெய் வடியுமாம். 1969 முதல் ஒஹாயோவில் பாப்காக் அண்டு வில்காக்ஸ் நிறுவனத்தில் வெல்டர். வியட்நாமில் சண்டை நடந்தபோது இவன் கையில் இருந்தது வெல்டிங் ஹோல்டர். அதற்கு முன் பிட்ஸ்பர்க்கில் பிணம் பதப்படுத்தும் படிப்பு. 1982இல் வேலை போனது, பிறகு மெக்சிகோவில் திஹுவானா, அங்கிருந்து சான் இசிட்ரோ. கடைசியாகப் பார்த்த காவலாளி வேலையும் ஜூலை 10 அன்று போனது. இதில் வியட்நாம் எங்கே?

கழுகுப்பார்வை: அவன் வாயாலேயே சொன்னான்.

நட்டுபோல்ட்டு: வெல்டர் என்றதும் ஞாபகம் வருகிறது. மெக்டொனால்ட்ஸ் உணவிலுள்ள அஜினோமோட்டோவும் வெல்டிங் வேலையில் உடம்பில் ஏறிய ஈயம், காட்மியம் என்ற நச்சு உலோகங்களும் சேர்ந்து புத்தியைக் கெடுத்ததாக ஹியூபர்ட்டியின் மனைவி வழக்குப் போட்டார். தள்ளுபடி. சாதா இரும்பை வெல்டு வைத்தால் காட்மியம் வராது. காட்மியம் முலாம் பூசிய போல்ட்டைச் சூடாக்கினால் வரும், உலோகத்தை ஒட்டவைக்கும் பழைய வெள்ளிப் பற்றுக்கம்பியிலும் வரும். முதலில் ஜலதோஷக் காய்ச்சல் மாதிரி இருக்கும், ஆள் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடுவான், அப்புறம்தான் நுரையீரலில் நீர் கோக்கும். நாள்பட்டால் சிறுநீரகம் போகும். ஊஸி (Uzi) துப்பாக்கியைத் தூக்கச் சொல்லாது.

ஆழ்கடல்: ஈயம் எரிச்சல், கோபம் எல்லாம் கொடுக்கும் அண்ணா. அதை ஏன் விழுங்கிவிட்டீர்கள்?

நட்டுபோல்ட்டு: கோபம் வந்த பெயின்டர் எல்லாம் 257 ரவுண்டு சுடுகிறானா? போன மாதம் கால்வனைஸ் (இரும்பின்மேல் துத்தநாகப் பூச்சு) விவகாரத்திலும் இப்படித்தான் வந்து மூக்கை நுழைத்தீர்கள்.

ஆழ்கடல்: அதில் நான் சொன்னதுதான் சரி.

மணல்வீடு: "படைவீரர்" என்று யாரைச் சொல்கிறோம் என முதலில் பேசிக்கொள்ளலாமே?

தென்றல்72: ஒரு நாள்கூட இல்லை என்கிறேன், அதற்கு விளக்கம் வேறா? பேச வேண்டியது வேறு. சுடுவதற்கு முதல் நாள் அவனே மனநல மையத்துக்குப் போன் செய்தான். அங்கே பெயரை "ஷூபர்ட்டி" என்று எழுதிக்கொண்டார்கள், திரும்ப அழைக்கவில்லை. மறுநாள் போலீசை முதலில் வேறொரு மெக்டொனால்ட்ஸுக்கு அனுப்பினார்கள். சரியான இடத்துக்கு வந்தபின்னும், கண்ணாடி பொடிப்பொடியாக விரிசல் விட்டு வெளிச்சத்தைத் திருப்பி அடித்ததில் உள்ளே சுடுவது ஒருவனா நாலு பேரா என்றே தெரியவில்லை. தபால் நிலையக் கூரையிலிருந்த ஸ்னைப்பர் ஒரே குண்டில் முடித்தபோது 77 நிமிடம் ஓடியிருந்தது.

கழுகுப்பார்வை: இவ்வளவு நீட்டி முழக்கியும் அவன் கத்தினான் என்பதை மறுக்கவில்லை, பாருங்கள். 1991இல் டெக்சாஸின் கிலீன் ஊர் லூபிஸ் உணவகத்தில் 23 பேரைக் கொன்ற ஹென்னார்ட் கடற்படையில் இருந்தவன்தானே?

தென்றல்72: ஹா ஹா. ஊர் வேறு, ஆள் வேறு, ஏழு வருஷம் கழித்து. கப்பலில் ஏறி வியட்நாம் போகிறீர்களோ?

கழுகுப்பார்வை: கத்தினானா, இல்லையா? ஒரு வார்த்தையில் சொல்லுங்கள்.

நட்டுபோல்ட்டு: ஆழ்கடல், கால்வனைஸ் புகை துத்தநாகம். காட்மியம் இல்லை. இன்னுமா புரியவில்லை?