மோதல் சோதனை டூல்: முதல் திரையில் வண்ண டம்மியா, கிராஃபா?

ஒயிட்ஃபீல்டு வாசு:
கார் மோதல் சோதனைத் தரவைப் பார்க்க எங்கள் டீமில் ஒரு டூல் எழுதுகிறோம். திறந்ததும் டம்மி (காரில் ஆளுக்குப் பதில் உட்காரும் சென்சார் பொம்மை) படம், தலை, மார்பு, கால் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். தொட்டால்தான் கிராஃப். கார்களுக்குப் பாதுகாப்பு ஸ்டார் தரும் பாரத் என்கேப் 2023 அக்டோபரில் அமலுக்கு வந்ததிலிருந்து மேனேஜர் முதலில் கேட்பதே ஸ்டாரைத்தான். இந்த வரிசை சரிதானே?

ஓசூர் பஸ்:
எனக்குச் சரியாகப் படவில்லை. யூரோ என்கேப் (ஐரோப்பாவின் ஸ்டார் திட்டம்) கணக்கில் மார்புக்கு 4க்கு 2.67 வாங்கினாலும் மஞ்சள், 3.99 வாங்கினாலும் மஞ்சள். ஷோரூமுக்கு வருபவருக்கு அது போதும். சீட் பெல்ட்டை மாற்றலாமா என்று மண்டையை உடைத்துக்கொண்டிருப்பவருக்கு? மார்பின் மேல் அழுத்தம் எந்த மில்லிசெகண்டில் ஏறியது என்று தெரிய வேண்டாமா?

ஒயிட்ஃபீல்டு வாசு:
ஒரு சோதனைக்கு எத்தனை சேனல், அதாவது சென்சார் பதிவு, என்று உங்களுக்கே தெரியும். திங்கட்கிழமை மீட்டிங்கில் அத்தனை கோட்டையும் யார் சார் பார்ப்பது? நிறத்தோடு மார்க்கையும் போட்டுவிட்டால் போச்சு.

கோரமங்களா கோடர்:
கிராஃப் என்கிறீர்களே, எப்படி வரைவீர்கள்? சேனலுக்கு விநாடிக்கு 10,000 புள்ளி. பிரவுசர் திணறுகிறதே என்று பத்துக்கு ஒன்றாக எடுத்தால், தலை ஸ்டீயரிங்கில் இடித்த உச்சம் அப்படியே நழுவிவிடலாம். ஒவ்வொரு பிக்சலுக்குள்ளும் வரும் புள்ளிகளில் மிகக் குறைந்ததையும் மிக அதிகமானதையும் வரையுங்கள். தலைக் காய அளவான ஹெச்ஐசி கணக்கை மட்டும் முழுத் தரவில்தான் போட வேண்டும்.

ஓசூர் பஸ்:
ஃபில்டரும் அப்படித்தான். சிஎஃப்சி என்பது சிக்னலின் நடுக்கத்தை வடிகட்டும் ஃபில்டர் வகை, எண் குறைந்தால் அதிகமாக வழவழப்பாக்கும். தலைக்கு சிஎஃப்சி 1000, வண்டியின் பாடிக்கு 60. கோடு அழகாக இருக்கிறதே என்று எல்லாவற்றுக்கும் 60 போட்டால் தலை அடி குறைந்த மாதிரி காட்டும். அப்புறம் ஆட்டோ ஸ்கேல், ஒவ்வொரு கிராஃபின் அச்சும் அதன் உச்சத்துக்குத் தானாக மாறுவது. பழைய டிசைனில் உச்சம் 60 ஜி (புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் 60 மடங்கு), புதியதில் 40 ஜி. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டும் ஒரே உயரம்! எந்த மேனேஜர் அச்சில் இருக்கும் எண்ணைப் படிக்கிறார்?

ஒயிட்ஃபீல்டு வாசு:
சரி, ஒப்பிடும்போது அச்சைப் பூட்டிவிடுகிறேன். ஃபில்டர் பெயரும் மூலையில் இருக்கும். ஆனால் முதல் திரை டம்மிதான்.

கோரமங்களா கோடர்:
எங்கள் டீமில் ஒருவருக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. உங்கள் டம்மியின் பச்சைத் தலையும் பழுப்புக் காலும் அவருக்கு ஒன்றுதான்.

ஒயிட்ஃபீல்டு வாசு:
அதற்குத்தானே மார்க் போடுகிறேன் என்றேன்!

ஓசூர் பஸ்:
மார்க்கைத்தான் படிக்க வேண்டும் என்றால் நிறம் எதற்கு?